கேள்வி நேரம்: வயரிங் மென்பொருளில் சிக்னல் எங்கே தொலைகிறது?

லூப் டிராயிங் (ஒரு கருவியிலிருந்து கட்டுப்பாட்டு அறை வரையுள்ள இணைப்புகளைக் காட்டும் வரைபடம்) பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. ஆலையில் உள்ள கருவியிலிருந்து கட்டுப்பாட்டு அறை வரை செல்லும் சிக்னலை வடிவமைப்பு மென்பொருளுக்குள் எப்படிப் பேணுவது என்பதே அது. கடிதம் எழுதியவர்களில் பலர் ஸ்மார்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் மென்பொருளில் வேலை செய்கிறார்கள்; இன்டூல்ஸ் என்ற பழைய பெயரிலேயே அதைச் சொல்கிற மூத்தவர்களும் இருக்கிறார்கள். வேறு மென்பொருள்களைப் பயன்படுத்துவோரும் எழுதியிருப்பதால், கட்டளைகளின் பெயர்களைத் தவிர்த்து, எல்லாவற்றுக்கும் பொருந்தும் முறையைப் பற்றியே பேசுகிறேன்.

கேள்வி: வயர் பட்டியலை அச்சிடும்போது நாற்பது, ஐம்பது வயர்களுக்குச் சிக்னல் பெயர் வெற்றாக வருகிறது. அந்த இடங்களில் கருவியின் அடையாளமான டேக் எண்ணைக் கைப்படத் தட்டச்சு செய்துவிடும்படி உடன் பணிபுரிபவர் சொல்கிறார். அப்படிச் செய்வது சரியா?
(சென்னை வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் ஓராண்டாகப் பணிபுரியும் பொறியாளர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வெற்றிடம் உங்களுக்கு மென்பொருள் தருகிற மிக மதிப்புள்ள தகவல். அதன் மேல் எழுதி மறைத்துவிட்டால், பிழையை அலுவலகத்தில் கண்டுபிடிக்கிற வாய்ப்பு போய்விடும். பிறகு அதைக் கண்டுபிடிக்கப்போகிறவர் வெயிலில், களத்துக் கேபிள்கள் ஒன்றுசேரும் பெட்டியான ஜங்ஷன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற டெக்னீஷியன்தான்.

சிக்னல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். பிடி-2104 என்ற இரண்டு வயர் அழுத்த டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒற்றை ஜோடி கேபிள் ஜேபி-21 என்ற ஜங்ஷன் பாக்ஸின் 13, 14 ஆம் டெர்மினல்களுக்கு வருகிறது. அங்கிருந்து 12 ஜோடி கொண்ட மல்டிபேர் கேபிளின் 7 ஆவது ஜோடி, களக் கேபிள்கள் வந்து சேரும் மார்ஷலிங் கேபினட்டின் டெர்மினல் வரிசைக்குச் செல்கிறது. அங்கிருந்து கேபினட்டுக்குள் ஓடும் கிராஸ் வயரிங் மூலம், களத்துக்குப் போகும் மின் ஆற்றலைக் கட்டுப்படுத்துகிற பேரியருக்கும், பேரியரிலிருந்து கட்டுப்பாட்டு அமைப்பின் அனலாக் இன்புட் கார்டின் ஒரு சேனலுக்கும் போகிறது. கருவி கேபிளில் இரண்டு, மல்டிபேரில் இரண்டு, பேரியருக்கு இரண்டு, கார்டுக்கு இரண்டு என்று மொத்தம் எட்டு வயர்கள். எட்டுக்கும் பிடி-2104 என்ற ஒரே சிக்னல்தான். 500 கருவிகள் உள்ள ஆலையில் இப்படி 4,000 வயர்கள் வரும் என்பதால், இவற்றைக் கையால் நிரப்பிப் பராமரிப்பது மனிதரால் ஆகிற காரியம் இல்லை.

இதற்காகவே இத்தகைய மென்பொருள்கள் சிக்னலை வயரிலிருந்து தனியான ஒன்றாக வைத்திருக்கின்றன. வயர் என்பது இரண்டு டெர்மினல்களுக்கு இடையே கிடக்கிற செம்பு. சிக்னல் கருவியில் பிறந்து, டெர்மினலின் ஒரு பக்கத்தில் நுழைந்து, மறுபக்கத்தில் இணைந்திருக்கிற வயருக்குத் தாவி, அடுத்த டெர்மினலுக்குப் போகிறது. இணைப்புகள் முறையாக இருந்தால் பெயர் தானாகவே கார்டு வரை போய்ச் சேரும். ஓரிடத்தில் நின்றுவிட்டால், அங்கே ஓர் இணைப்பு இல்லை என்றுதான் பொருள்.

எனவே வெற்றாக உள்ள வயரைப் பிடித்துக்கொண்டு, கார்டின் பக்கத்திலிருந்து தேட வேண்டாம். கருவியின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வயராக நடந்து வந்து, பெயர் கடைசியாக உயிரோடு இருக்கிற வயரைக் கண்டுபிடியுங்கள். அது போய்ச் சேருகிற டெர்மினலில்தான் சிக்கல் இருக்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கிறது. முதலாவது, களப் பக்கத்து வயர் 13 ஆம் டெர்மினலிலும், மறுபக்கத்து வயர் 15 ஆம் டெர்மினலிலும் இணைந்திருப்பது. மல்டிபேர் கேபிளை மொத்தமாக இணைக்கும்போது தொடக்க டெர்மினலை இரண்டு இடம் தள்ளித் தேர்ந்தெடுத்தால் இப்படி ஆகும், அப்போது ஒரு பெட்டி முழுவதுமே ஒரு ஜோடி தள்ளிப்போயிருக்கும். இரண்டாவது, கருவி கேபிளை உருவாக்கிவிட்டு அதன் கருவிப் பக்கத்து முனையை இணைக்க மறந்திருப்பது. அங்கே சிக்னல் பிறக்கவே இல்லை. மூன்றாவது, பேரியரை மென்பொருளில் வரையறுக்கும்போது அதன் உள்ளீட்டு டெர்மினலுக்கும் வெளியீட்டு டெர்மினலுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட்டிருப்பது. இந்த மூன்றாவது வகைப் பிழையில் ஒரே மாதிரிப் பேரியர்கள் எல்லாவற்றிலும் சிக்னல் ஒன்றுபோல் நிற்கும். உங்கள் நாற்பது, ஐம்பது வயர்களும் ஒரே கேபினட்டில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒரே திருத்தத்தில் எல்லாம் சரியாகிவிடக்கூடும்.

கேள்வி: சிக்னல் என்றால் 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டம் என்றே படித்தோம். மென்பொருளில் சொல்லப்படும் சிக்னலும் அதுவும் ஒன்றா?
(பாலிடெக்னிக் மாணவி, கோயம்புத்தூர்)

இரண்டும் வேறு. நீங்கள் படித்தது அளவின் மின் உருவம். அழுத்தம் குறைந்தபட்சத்தில் இருந்தால் 4, உச்சத்தில் இருந்தால் 20, நடுவில் இருந்தால் 12 மில்லியாம்பியர். செயல்முறை ஆலைகளின் தானியங்கிப் பயனர்கள் கூட்டமைப்பான நாமுர் வெளியிட்ட என்.இ. 43 பரிந்துரைப்படி 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ போனால் கருவியே பழுதாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட் வசதி உள்ள கருவியில் இதே மின்னோட்டத்தின் மேல் 1,200, 2,200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் எண்முறைத் தகவலும் ஏறிச் செல்லும்.

வடிவமைப்பு மென்பொருளுக்கு இந்த அளவு எதுவும் தெரியாது. அதில் சிக்னல் என்பது, இந்த வயர் எந்தக் கருவியின் எந்தப் பணிக்காக ஓடுகிறது என்று காட்டுகிற பெயர். ஓர் ஆன்-ஆஃப் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கச் சொல்கிற சொலினாய்டுக்குப் போவது ஒரு சிக்னல். திறந்துவிட்டது என்று சொல்கிற லிமிட் ஸ்விட்சிலிருந்து வருவது இன்னொன்று. மூடிவிட்டது என்று சொல்வது மூன்றாவது. மூன்றும் ஒரே மல்டிகோர் கேபிளில் வந்தாலும், மூன்றுக்கும் தனித்தனி டேக் வேண்டும். வால்வின் டேக்கை மட்டும் மூன்று ஜோடிகளுக்கும் கொடுத்துவிட்டால், எந்த ஜோடி டிஜிட்டல் அவுட்புட் கார்டுக்குப் போக வேண்டும் என்பதை மென்பொருளாலும் சொல்ல முடியாது, வயர் கட்டுகிறவராலும் சொல்ல முடியாது.

கேள்வி: டிஜிட்டல் இன்புட் கேபினட்டில் 24 வோல்ட் காமன் வயரில் பதினாறு டேக்குகளும் சேர்ந்து வருகின்றன. சில சமயம் ஒரே டேக் பதினாறு வயர்களிலும் பரவிவிடுகிறது. இதை எப்படிக் கட்டுப்படுத்துவது?
(தூத்துக்குடி வாசகர்)

அடுத்தடுத்த டெர்மினல்களை ஒன்றாக இணைக்கிற ஜம்பர்தான் காரணம். பதினாறு ஸ்விட்சுகளுக்கும் பொதுவான 24 வோல்ட் வழங்கலை டெர்மினல்களுக்கு இடையே ஜம்பர் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். சிக்னலுக்கு ஜம்பரும் ஒரு பாதைதான். அது குறுக்கே நடந்து பக்கத்து டெர்மினலுக்குப் போய், அங்கிருந்து அடுத்த கருவியின் வயரிலும் ஏறிவிடுகிறது. மின்னியல் நோக்கில் அது தவறும் இல்லை, அந்த டெர்மினல்கள் உண்மையிலேயே ஒரே மின்முனை. ஆனால் ஆவணத்தைப் படிக்கிறவருக்கு அதனால் பயன் இல்லை.

உங்கள் மென்பொருளில் ஜம்பர் வழியாகச் சிக்னல் கடக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திட்டம் தொடங்கும்போதே அதை முடிவு செய்து எழுதி வையுங்கள், பாதியில் மாற்ற வேண்டாம். எப்படியிருந்தாலும் நான் வலியுறுத்துவது, மின்வழங்கலைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது. மின்வழங்கல் அலகிலிருந்து ஃபியூஸ் டெர்மினல் வரையுள்ள வயர்களுக்கு எந்தக் கருவியின் பெயரும் இருக்கக் கூடாது; அவற்றுக்கு அந்த மின்வழங்கலின் பெயரே இருக்கட்டும். ஃபியூஸுக்குப் பிறகு, ஸ்விட்சுக்குப் போய்த் திரும்பி வருகிற ஜோடிக்கு மட்டும் கருவியின் பெயர். இப்படிச் செய்தால் இன்னொரு நன்மையும் கிடைக்கும். எந்த ஃபியூஸ் போனால் எந்தெந்தக் கருவிகள் இருளும் என்ற பட்டியலை மென்பொருளிலிருந்தே எடுத்துவிடலாம். ஆலை இயக்குபவர்கள் உண்மையில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.

கேள்வி: கேபினட் வெண்டாரின் டிராயிங் இன்னும் வரவில்லை. ஆனால் டெர்மினேஷன் பட்டியலை இந்த வாரமே கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் நெருக்குகிறார். இப்போதைக்குச் சிக்னல் பெயர்களைக் கையால் போட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டு, டிராயிங் வந்த பிறகு இணைப்புகளைக் கொடுத்தால் என்ன?
(அபுதாபியில் பணிபுரியும் வாசகர்)

உங்கள் நெருக்கடி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இதே காரியத்தைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். அதன் விளைவை முழுவதுமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

ஆலை ஒன்றின் விரிவாக்கப் பணி அது. ஜங்ஷன் பாக்ஸ்களின் இணைப்புகள் எல்லாம் மென்பொருளில் ஒழுங்காக இருந்தன. மார்ஷலிங் கேபினட்டின் டெர்மினல் அமைப்பு மட்டும் வந்திருக்கவில்லை. கெடு நெருங்கியதால், கேபினட்டுக்குள் வரும் வயர்களுக்குச் சிக்னல் பெயர்களைக் கையால் இட்டுப் பட்டியலை வெளியிட்டோம். மூன்று வாரம் கழித்து வெண்டாரின் டிராயிங் வந்தது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் மின்வழங்கலுக்காக அவர்கள் இரண்டு டெர்மினல்களை ஒதுக்கியிருந்ததால், எங்கள் ஊகம் முழுவதும் ஒரு ஜோடி தள்ளிப்போனது. நாங்கள் இணைப்புகளைச் சரியான இடத்தில் கொடுத்தோம். ஆனால் கையால் இட்ட பெயர்களில் சில, கேபினட்டுக்குள் இருந்த கிராஸ் வயர்களிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதை யாரும் பார்க்கவில்லை. இணைப்புகளைப் பின்பற்றி உருவான லூப் டிராயிங் ஒன்றைச் சொன்னது. சிக்னல் பெயரைப் படித்து அச்சான டெர்மினேஷன் பட்டியல் வேறொன்றைச் சொன்னது. இரண்டும் ஒரே தரவுத்தளத்திலிருந்து வந்தவை, இரண்டிலும் ஒரே திருத்த எண்.

களத்தில் வயர் கட்டியவர் கையில் இருந்தது பட்டியல். ஒவ்வொரு சுற்றையும் களத்திலிருந்து திரை வரை சோதிக்கிற லூப் செக் நாளன்று ஒரு தொட்டியின் மட்ட டிரான்ஸ்மிட்டர் இருந்த இடத்தில் 12 மில்லியாம்பியர் செலுத்தினோம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்தத் தொட்டி அசையவில்லை. பக்கத்துத் தொட்டியின் மட்டம் அமைதியாக 50 விழுக்காட்டில் போய் நின்றது. வாக்கிடாக்கியில் அந்த எண்ணைக் கேட்ட கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. லூப் செக் என்ற ஒரு படி இருந்ததால் தப்பித்தோம். அந்த இரண்டு தொட்டிகளிலும் ஒரே அளவு திரவம் இருந்து, லூப் செக்கும் மேலோட்டமாக முடிந்திருந்தால், ஒன்று நிரம்பி வழிகிற நாள் வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. ஒரு தற்காலிக டெர்மினல் வரிசையை மென்பொருளில் உருவாக்கி, 'தற்காலிகம்' என்று பெயரிலேயே தெரியும்படி வைத்து, அதற்கு உண்மையான இணைப்புகளைக் கொடுங்கள். சிக்னல் தானாக வரட்டும். பட்டியலையும் அதே குறிப்புடன் வெளியிடுங்கள். வெண்டாரின் டிராயிங் வந்ததும், தற்காலிக வரிசையின் இணைப்புகளைத் துண்டித்து, மெய்யான வரிசையில் இணைத்துவிட்டுத் தற்காலிகத்தை நீக்குங்கள். ஏதாவது வயர் விட்டுப்போயிருந்தால், ஒரு முனை தொங்கலாக நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கையால் இட்ட பெயருக்கு அந்த நேர்மை கிடையாது. அது சரியான பெயரைப் போலவே அச்சாகும்.

ஏற்கெனவே கையால் இட்டிருப்பவர்கள், லூப் டிராயிங் வெளியிடுவதற்கு முன் ஒரு ஒப்பீடு செய்யுங்கள். ஐ/ஓ (உள்ளீடு, வெளியீடு) ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு சேனலுக்கும் உரிய டேக்கை ஒரு பத்தியிலும், அந்தச் சேனலில் வந்து முடியும் வயரின் சிக்னலை மறு பத்தியிலும் எக்செல்லில் வைத்தால், பொருந்தாதவை ஒரே வடிகட்டலில் வெளியே வந்துவிடும். அரை நாள் வேலை. நாங்கள் அதைச் செய்யவில்லை.

கேள்வி: ஒரே டிரான்ஸ்மிட்டரின் அளவு பாதுகாப்பு அமைப்புக்கும், வழக்கமான கட்டுப்பாட்டு அமைப்பான டி.சி.எஸ்.ஸுக்கும் போக வேண்டியிருக்கிறது. சுற்றுகளை மின்ரீதியாகப் பிரிக்கிற, இரண்டு வெளியீடு உள்ள ஐசொலேட்டரைப் போட்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே சிக்னல் பெயர் வைக்கலாமா?
(வடோதராவிலிருந்து ஒரு மூத்த வடிவமைப்பாளர்)

வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் வடிவமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை: பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஐ.இ.சி. 61511 தரநிலை, வழக்கமான கட்டுப்பாட்டிலிருந்து பாதுகாப்புச் செயல்பாடு சார்பற்று நிற்பதை வலியுறுத்துகிறது. அதனால்தான் பல ஆலைகளில் அதற்கென்று தனி டிரான்ஸ்மிட்டரே வைக்கிறார்கள். பகிர்ந்துகொள்வது என்று உங்கள் திட்டத்தில் முடிவாகியிருந்தால், சிக்னல் முதலில் பாதுகாப்பு அமைப்பின் பக்கம் போக வேண்டும், டி.சி.எஸ்.ஸில் ஏற்படும் கோளாறு எதுவும் அதைத் தொடக்கூடாது.

இப்போது பெயர். ஐசொலேட்டரின் இரண்டாவது வெளியீட்டில் ஓடுவது வேறொரு மின்னோட்டம். அளவு ஒன்றாக இருந்தாலும் சுற்று வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், மென்பொருளில் அந்தப் பெயரைத் தேடுகிறவருக்கு இரண்டு கேபினட்டுகள், இரண்டு சேனல்கள் வரும். பராமரிப்புக்காக ஒரு வயரைக் கழற்ற வந்தவர், டி.சி.எஸ். பக்கத்து நகல் என்று நினைத்து ஷட்டவுன் சுற்றைத் திறந்துவிட்டால் ஆலை நின்றுவிடும். மூல டேக் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கட்டும்; நகலுக்கு ஒரு பின்னொட்டுச் சேர்த்துத் தனி டேக் உருவாக்கி, இரண்டாவது வெளியீட்டிலிருந்து அந்தச் சிக்னல் பிறப்பதாக வரையறுத்துவிடுங்கள். எந்தப் பின்னொட்டு என்பதை டேக் எண்ணிடும் விதிமுறையிலேயே எழுதிவிட வேண்டும். ஆளுக்கொரு எழுத்தாகப் போட்டால் பிறகு ஒருங்கிணைப்பது பெரும்பாடு.

இன்ட்ரின்சிக் சேஃப் சுற்றாக, அதாவது தீப்பற்றக்கூடிய இடத்திலும் தீ மூட்ட முடியாத அளவு குறைந்த ஆற்றலில் ஓடும் சுற்றாக இருந்தால் இன்னும் ஒன்று. பேரியருக்கு முன்னே உள்ள களப் பக்கத்து வயர்களையும், பின்னே உள்ள வயர்களையும் சிக்னல் பெயர் ஒன்றாகவே காட்டும். ஆனால் அவை ஒன்றோடொன்று கலக்கவே கூடாதவை. கேபினட்டில் இரு வகை டெர்மினல்களுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளி அல்லது தடுப்பு வேண்டும். அந்த வேறுபாட்டைச் சிக்னல் பெயரில் தேடாமல், டெர்மினல் வரிசையின் பெயரிலும் கேபிளின் வகையிலும் பதிவு செய்யுங்கள். வெளிர் நீல உறை கொண்ட இன்ட்ரின்சிக் சேஃப் கேபிள் நீலம் அல்லாத வரிசையில் இணைந்திருக்கிறதா என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கேள்வி: ஃபீல்டுபஸ் செக்மென்டில் ஒரே ஜோடியில் பத்துக் கருவிகள். டிரங்க் என்ற முதன்மைக் கேபிளுக்கு எந்த டேக்?
(மும்பை வாசகர்)

எந்தக் கருவியின் டேக்கும் வேண்டாம், செக்மென்டின் பெயர்தான். ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ் எச்1 முறையில் நொடிக்கு 31.25 கிலோபிட் வேகத்தில், எல்லாக் கருவிகளும் ஒரே ஜோடியில் மாறி மாறிப் பேசுகின்றன. டிரங்க் யாருக்கும் தனிச் சொந்தமில்லை. கிளைக் கேபிளில் மட்டும் அந்தந்தக் கருவியின் டேக் வரும்படி வரையறுங்கள். இரண்டு முனைகளிலும் இருக்க வேண்டிய, சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கிற டெர்மினேட்டர்களை மென்பொருளில் பொருளாகவே காட்டுங்கள். அவற்றைக் குறிப்பாக மட்டும் எழுதிவைத்த திட்டங்களில், களத்தில் மூன்றாவது ஒன்று முளைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட இல்லாமல் போவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்பேர் ஜோடிகளுக்கும் ஷீல்டு வயருக்கும் சிக்னல் வராது. அவற்றை இணைக்காமலே விட்டுவிடலாமா?
(ராணிப்பேட்டை வாசகர்)

விடக்கூடாது. 12 ஜோடிக் கேபிளில் 9 பயன்பாட்டில் இருந்தால், மீதி 3 ஜோடிகளையும் இரண்டு முனைகளிலும் டெர்மினலில் இணைத்துக் காட்டுங்கள். சிக்னல் இடம் வெற்றாகவே இருக்கட்டும். ஒரு பெட்டியில் மெய்யாகவே எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு, ஐந்தாண்டு கழித்து வருகிற விரிவாக்கக் குழு அந்த வெற்றிடங்களை எண்ணித்தான் விடை காணும். அதனால் 'ஸ்பேர்' என்று சிக்னலின் இடத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த ஜோடி மென்பொருளுக்குப் பயன்பாட்டில் உள்ளதாகவே தெரியும்.

வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறையான ஷீல்டின் கதை வேறு. ஒவ்வொரு ஜோடியிலும் ஷீல்டை ஒட்டி ஓடும் ட்ரெயின் வயரும் ஜங்ஷன் பாக்ஸில் அதற்கென உள்ள டெர்மினல் வழியாகத் தொடர்ந்து, மார்ஷலிங் கேபினட்டில் உள்ள கருவி எர்த் பாரில் ஒரே முனையில் மட்டும் எர்த் ஆக வேண்டும். கருவியின் பக்கத்தில் அது வெட்டப்பட்டு, இன்சுலேட் செய்யப்பட்டு நிற்கும். அந்த வெட்டப்பட்ட முனையையும் மென்பொருளில் அப்படியே, இணைக்கப்படாததாகக் காட்டுங்கள். ராணிப்பேட்டைக் கடிதத்தோடு வந்திருந்த டிராயிங் நகலில் ஷீல்டு இரண்டு பக்கமும் எர்த்துக்குப் போகிறது. அது வரைந்தவரின் கைப்பிழையா, களத்திலும் அப்படித்தானா என்பதைப் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். களத்திலும் அப்படியே இருந்தால், மழை நாள்களில் உங்கள் வெப்பநிலை அளவுகள் குதிப்பதாக எழுதியிருந்தீர்களே, தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.